காப்பி பூத்த ஞாயிறு

ஜீப்பின் பின்படியில் ஒரு காலைத் தூக்கி வைத்த மருதாயி, மறுகாலைத் தூக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் கால் கட்டிய இரண்டு சேவல்கள் தலைகீழாகத் தொங்கின. பின்னால் சட்டிபானைக் கூடையோடு நின்ற அன்னக்கொடிக்கு அவளுடைய முதுகுதான் தெரிந்தது. அது மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“என்ன மதினி?”

“ஒண்ணுமில்ல. இந்தச் சேவலப் பிடி.”

அன்னக்கொடி வாங்கிக்கொண்டாள். மருதாயி இரண்டு கைகளாலும் கம்பியைப் பற்றி ஏறி, அரிசி மூட்டைக்கும் எண்ணெய்த் தூக்குக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. காலை ஆறு மணி. மலைப்பக்கமிருந்து காற்று சில்லென்று வந்துகொண்டிருந்தது. வேர்க்கிற நேரமில்லை அது.

முன்சீட்டிலிருந்து வெள்ளைத்துரை திரும்பிப் பார்த்து, எல்லாரும் ஏறியாச்சா, வெயிலுக்கு முன்னால் குரங்கணி போய்ச் சேரணும் என்று சத்தம் கொடுத்தான். அவன் அன்னக்கொடியின் புருஷன். மருதாயி அவனுக்கு மூன்று வயது மூத்த அக்கா. அவனுடைய தம்பி மலைச்சாமி, மதுரையில் சர்க்கார் ஆபீஸில் வேலை பார்ப்பவன், பெண்டாட்டி பொன்னுமணியோடும் இரண்டு பெண்குழந்தைகளோடும் வெள்ளிக்கிழமையே போடிக்கு வந்து இறங்கியிருந்தான். அந்த எழுபத்தொன்பதாம் வருஷத்தில் பெரிய வெள்ளியும் சித்திரை வருஷப் பிறப்பும் ஞாயிறும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்திருந்தது. பங்குனிக் கடைசியில் மலையில் நல்ல மழை. மழை பெய்த பத்தாம் நாள் காப்பி பூக்கும் என்று மலைச்சாமி மதுரையில் யாரிடமோ பெருமை பேசியிருக்கிறான். அதைக் கேட்டதிலிருந்து பொன்னுமணிக்கு மலைக்குப் போய்ப் பூப் பார்த்து, அங்கேயே ஆக்கிச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும் என்று ஆசை.

ஆக்குவதற்கு மருதாயி.

முந்தின நாள், வருஷப் பிறப்பன்று, பத்துப் பன்னிரண்டு பேருக்கு உளுந்து ஆட்டி, வடை சுட்டு, பாயசம் வைத்து, மத்தியானம் வந்தவர் போனவருக்கெல்லாம் பந்தி போட்டுவிட்டு, சாயங்காலம் அவள் ஆட்டுரல் பக்கத்தில் உட்கார்ந்து இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அன்னக்கொடி பார்த்துவிட்டுக் கேட்டதற்கு வாயுப்பிடிப்பு என்றாள். ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தபோது அந்தக் கை டம்ளரை ஏந்தவே கஷ்டப்பட்டது. நாளைக்கு நீங்க வரவேண்டாம், வீட்டில் படுத்திருங்க, நான் ஆக்கிக்கொள்கிறேன் என்று அன்னக்கொடி சொன்னாள். மருதாயி உடனே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அதெல்லாம் வேணாம். நான் வர்றேன்.” அப்புறம் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “பூவு எப்பிடி இருக்கும்னு பாக்கணும்” என்றாள்.

அது என்ன பேச்சு என்று அன்னக்கொடிக்குத் தெரியும். அந்தக் காப்பிச் செடிகளை வைத்தவளே மருதாயிதான். அவளுக்குப் பதினாலு வயதாக இருந்தபோது அவளுடைய அப்பா குரங்கணிக்கு மேலே அந்தச் சரிவை வாங்கினார். அப்பாவும் மகளுமாக நாற்றுக்கூடையைத் தலையில் சுமந்து ஏறி, பலாமர நிழலில் குழி தோண்டி வைத்தார்கள். காப்பி பூக்க மூன்று வருஷமாகும். அதற்குள் அவளை ராசிங்காபுரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஆறு வருஷத்தில் காய்ச்சலில் புருஷன் போய், இருபத்திரண்டு வயதில் பிள்ளையில்லாமல் திரும்பி வந்தாள். வந்தவள் அடுப்படிக்குள் போனாள். மார்கழியில் பழம் எடுக்கும்போது ஆட்களுக்குச் சமைத்துப்போட அவளை மலைக்குக் கூட்டிப்போவார்கள். சிவந்த பழத்தைப் பார்த்திருக்கிறாள். பூவை மட்டும் பார்த்ததில்லை. பூ மூன்றே நாள்தான் நிற்கும். அந்த மூன்று நாளும் அங்கே வேலை எதுவும் இருக்காது. வேலை இல்லாதபோது அவளை யாரும் கூட்டிப்போனதில்லை. “சோலி இல்லாம பொம்பளைக எதுக்கு மலையேறணும்?” என்பான் வெள்ளைத்துரை. வருஷா வருஷம் அவன் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நல்ல பூ, சுமார் பூ என்று அடுப்படி வாசலில் நின்று சொல்வான். ஒரு கொத்து ஒடித்து வந்தது கிடையாது. ஒரு பூவைக் கிள்ளினால் ஒரு காய் போச்சு என்பது அவன் கணக்கு.

அன்றைக்குப் படுக்கப்போகும்போது, மதினிக்கு உடம்பு சரியில்லை, வேண்டாம், அல்லது வந்தாலும் சும்மா வரட்டும், சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அன்னக்கொடி புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள்.

“ஓமத்தண்ணி குடிச்சா சரியாப் போகும். நீ ஆக்குற கோழிக்கொழம்பத் தம்பி திம்பானா? அக்கா கைப்பக்குவத்துக்குத்தான அவன் வந்திருக்கான்” என்று சொல்லிவிட்டு வெள்ளைத்துரை புரண்டு படுத்தான்.

ஜீப்பு முந்தல் தாண்டியதும் ரோட்டோரத்துக் கொன்றையெல்லாம் மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது. குழந்தைகள் கூச்சல் போட்டன. ஜீப்பை நிறுத்தி, பொன்னுமணியைக் கொன்றைக்கு அடியில் நிற்கவைத்து மலைச்சாமி போட்டோ எடுத்தான். ஆபீஸ் சிநேகிதனிடம் இரவல் வாங்கி வந்த காமிரா. மருதாயி ஜீப்பை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் மறுபடி ஏறவேண்டும் என்றாள்.

குரங்கணியில் தோட்டக் காவல்காரன் ஒச்சப்பன் காத்திருந்தான். பத்து வருஷம் பூப்பாறைப் பக்கம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். மருதாயியை மலையாள வழக்கில் சேச்சி என்றுதான் கூப்பிடுவான். அங்கிருந்து மேலே ஜீப்பு போகாது. ரெண்டரை மைல் ஒற்றையடிப் பாதை, ஏற்றம். அரிசியையும் பாத்திரங்களையும் ஒச்சப்பன் தலையில் ஏற்றிக்கொண்டான். மலைச்சாமி காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, டிரான்சிஸ்டரைத் தோளில் போட்டுக்கொண்டான். வெள்ளைத்துரை சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டான். மசாலாத் தூக்கும் எண்ணெயும் சேவல்களும் பெண்கள் பங்குக்கு வந்தன. பொன்னுமணிக்குச் செருப்பு வழுக்கியது. அவளுக்குத் தன்னைத் தூக்குவதே பெரும்பாடாக இருந்தது.

மருதாயி நாலு இடத்தில் உட்கார்ந்தாள். மூன்றாவது முறை உட்கார்ந்தபோது அன்னக்கொடி அவள் கையிலிருந்த எண்ணெய்த் தூக்கைப் பிடுங்கிக்கொண்டாள். முன்னால் போனவர்களின் டிரான்சிஸ்டர் சத்தம் வளைவுக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. கொஞ்சம் நில்லுங்க என்று அன்னக்கொடி கத்தினாள். யாரும் நிற்கவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டதற்கு மருதாயி தலையாட்டி மறுத்தாள். பேச மூச்சு இல்லை.

நாலாவது முறை உட்கார்ந்த இடத்தில்தான் வாசனை வந்தது. மேலேயிருந்து, காற்றோடு, விட்டு விட்டு வந்தது. மருதாயி முகத்தைத் தூக்கினாள்.

“மல்லிகை மாதிரி இருக்குல்ல?”

“ஆமா மதினி.”

“மல்லிகையும் இல்ல” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து, தூக்கை அன்னக்கொடியிடம் திருப்பிக் கேட்டாள்.

தோட்டத்துச் சாளை ஓடைக்கரையில் இருந்தது. தகரக்கூரை போட்ட ஒற்றை அறை, முன்னால் ஒரு இறவாரம், அதில் கல் கூட்டிய இரண்டு அடுப்பு. காப்பிச் சரிவு அங்கிருந்து தெரியாது. நடுவில் ஒரு பாறைமுகடு மறைத்தது. முகட்டின்மேல் ஏறினால் மறுபுறம் முழுக்கக் காப்பி. கூப்பிட்டால் கேட்கிற தூரம். முன்னால் வந்தவர்கள் ஏற்கெனவே அங்கே ஏறிவிட்டிருந்தார்கள். குழந்தைகளின் சத்தம் கேட்டது.

மருதாயி நேரே அடுப்புக்குப் போனாள். முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து அடுப்பு மூட்டலாம் என்று அன்னக்கொடி கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் முகட்டின்மேல் வெள்ளைத்துரையின் தலை தெரிந்தது. குழந்தைகளுக்குப் பசி வந்துவிட்டதாம், முதலில் கொஞ்சம் காப்பித்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டால் சமையலைப் பையப் பார்க்கலாமாம். மருதாயி சரி என்று கையை அசைத்தாள். காப்பித்தண்ணி போட்டாள். ஒச்சப்பன் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவன் சேவல்களை அறுத்து வந்ததும் அவள் மஞ்சள் தடவிச் சுத்தம் பண்ணினாள். அன்னக்கொடி வெங்காயம் உரித்தாள், அம்மியில் மசாலா அரைத்தாள். மறுபடி வெள்ளைத்துரையின் தலை தெரிந்தது. தம்பி எல்லாரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுக்கப்போகிறான், வெரசா வா என்று அன்னக்கொடியைக் கூப்பிட்டான்.

“மதினி வராம நான் மட்டும் எப்பிடி?” என்றாள் அன்னக்கொடி.

“நீ போ” என்றாள் மருதாயி. குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். “ஒலை கொதிச்சிருச்சு. அரிசி வெந்து வடிச்சதும் பின்னாலயே வர்றேன். பூ எங்க ஓடியா போகப்போகுது?”

அன்னக்கொடி போனாள்.

முகட்டின்மேல் ஏறி நின்றவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. சரிவு முழுக்க யாரோ அரிசிமாவை அள்ளிக் கொட்டினமாதிரி இருந்தது. கிட்டப் போனபிறகுதான் செடி தெரிந்தது. கொம்புக்குக் கொம்பு, கணுவுக்குக் கணு, இலையே தெரியாமல் வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. தேனீக்களின் சத்தத்தில் காது அடைத்தது. பலாமரங்களுக்கு நடுவே வெயில் துண்டு துண்டாக விழுந்த இடத்தில் பூ கண்ணைக் கூசவைத்தது. அவளும் இருபது வருஷமாக இந்தக் காப்பியை வறுத்து, இடித்து, குடித்து வருகிறவள்தான். அவளும் இதுவரை பார்த்ததில்லை. பொன்னுமணி கையை நீட்டிக் கூப்பிட்டாள். போட்டோவுக்கு நின்றார்கள். குழந்தைகள் பூவுக்குள் ஒளிந்து விளையாடின, அன்னக்கொடி அவர்களைத் தேடினாள். இன்னும் கீழே போனால் இன்னும் அடர்த்தியாக இருக்கும் என்று வெள்ளைத்துரை கூட்டிப்போனான். அங்கேயும் ஒரு போட்டோ. அவள் சிரித்தாள். ஒரு பூங்கொத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அரைமணி நேரம் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். அந்த நேரம் முழுக்க அவளுக்கு மருதாயியின் ஞாபகமே வரவில்லை.

ஞாபகம் வந்ததும் முகட்டுக்கு ஓடி வந்து, “மதினீ” என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. ஓடைச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தாள். பின்னால் வந்த வெள்ளைத்துரை, பசி வந்துவிட்டது, சாப்பாடு ஆகிவிட்டதா பார் என்றான்.

உலை பொங்கி வழிந்து அடுப்பில் பாதி அணைந்திருந்தது. சாம்பல் வாசனை. மருதாயி விறகுக் குவியலில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் அகப்பை. ஒரு கை மாராப்பைக் கொத்தாகப் பிடித்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது. அது அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. இலை அறுக்கப் போயிருந்த ஒச்சப்பன் வாழையிலைக் கட்டோடு வந்து, கட்டைக் கீழே போட்டுவிட்டு, குனிந்து மூக்கில் விரலை வைத்துப் பார்த்தான். அப்புறம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

கொஞ்ச நேரம் எல்லாமே தாறுமாறாக இருந்தது. வெள்ளைத்துரை அக்காவை அசைத்து அசைத்துக் கூப்பிட்டான். முகத்தில் தண்ணீர் தெளித்தான். மலைச்சாமி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பொன்னுமணி குழந்தைகளின் கண்ணைப் பொத்தி ஓடைப்பக்கம் கூட்டிப்போனாள். டோலி கட்ட இரண்டு கம்பும் தூக்க ஆட்களும் வேண்டும் என்று ஒச்சப்பன் பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடினான். அவன் வர ஒருமணி நேரம் ஆகும்.

அந்த ஒருமணி நேரத்தில்தான் அது நடந்தது. பொன்னுமணி தயங்கித் தயங்கி வந்து அன்னக்கொடி பக்கத்தில் நின்றாள்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. பிள்ளைக காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல.”

அன்னக்கொடி எழுந்தாள். மருதாயியின் காலைச் சுற்றிக்கொண்டு அடுப்புக்குப் போய்ச் சோற்றை வடித்தாள். குழைந்திருந்தது. வாழையிலை கிழித்து, சோறு வைத்து, குழம்பு ஊற்றி, சாளைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குழந்தைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். குழந்தைகள் சாப்பிட்டார்கள். குழந்தைகள் சாப்பிட்டதில் அவளுக்கு ஒன்றுமில்லை. தண்ணீர் எடுத்துக்கொண்டு மறுபடி போனபோது மலைச்சாமி மரத்துக்கு அந்தப்பக்கம் நின்றபடி, இலையைக் கையில் ஏந்தி வேகவேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திரும்பிக்கொண்டான்.

அவள் செம்பை அங்கேயே கீழே வைத்துவிட்டு வந்தாள். அவளுக்கு அதுவரை அழுகை வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

நாலு ஆள் வந்து, கம்பளியில் கிடத்தி, இரண்டு கம்பிலும் இழுத்துக் கட்டித் தூக்கினார்கள். கீழிறங்கும் பாதைக்கு அவர்கள் திரும்பியபோது அன்னக்கொடி புருஷனின் தோளைத் தொட்டாள். முகட்டுக்கு அந்தப்பக்கமாகத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டாள்.

“அது சுத்து. பொழுது எறங்குறதுக்குள்ள கீழ போகணும்” என்றான் அவன். அவள் ஏன் கேட்டாள் என்று அவன் கேட்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ரெண்டரை மைல் இறக்கத்திலும் அன்னக்கொடி டோலியைத் தொட்டுக்கொண்டே நடந்தாள்.

போடிக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். சேதி முன்னாலேயே வந்து, வீட்டில் கூட்டம் கூடியிருந்தது. எப்படி, எப்படி என்று எல்லாரும் கேட்டார்கள். காலையில் நன்றாகத்தானே இருந்தாள் என்றார்கள். வெள்ளைத்துரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

“பூவப் பாக்கணும்னு ஆசப்பட்டாக. கூட்டிட்டுப் போனேன். கண்குளிரப் பாத்தாக. வந்து செத்த நேரம் உக்காந்தாக. அப்பிடியே சாஞ்சுட்டாக.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்னக்கொடி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அடுத்து வந்தவர்களுக்கும் அதையே சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் தெளிந்துகொண்டே போனது.

திங்கட்கிழமை விடிவதற்குள் கதை வளர்ந்துவிட்டது. ராசிங்காபுரத்திலிருந்து வந்த மருதாயியின் புருஷன் வீட்டுச் சனம், அவள் பூவுக்கு நடுவிலேயே உட்கார்ந்து உயிரை விட்டதாகக் கேள்விப்பட்டு வந்தது. சிலமலையிலிருந்து மாப்பிள்ளையோடு வந்த அன்னக்கொடியின் ஒரே மகள், அத்தைக்கு வலியே இருக்கலையாமே என்று கேட்டு அழுதாள். ஒப்பாரி பாடுவதில் பேர்போன மாயக்காள் பூத்த மலையை வைத்தே பாட்டுக் கட்டிவிட்டாள். கொடுத்துவைத்த சாவு என்றார்கள் ஆண்கள். புருஷன் இல்லாத அக்காவை இந்தக் காலத்தில் யார் இப்படி வெளியே வாசலே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள் என்று ஒருவர் வெள்ளைத்துரையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வெள்ளைத்துரை தலையைக் குனிந்துகொண்டான். மறுக்கவில்லை.

மலைச்சாமி மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் ஆபீஸுக்குப் போயாகவேண்டும். பதினொரு மணிக்குள் எடுத்துவிட்டால் சாயங்கால ரயிலைப் பிடிக்கலாம் என்று அண்ணனிடம் காதோடு சொன்னான். காதோடு சொன்னது அன்னக்கொடி வரைக்கும் கேட்டது.

நீர்மாலை எடுத்து வந்து, குளிப்பாட்டி, கோடிச்சேலை கட்டியபோது மருதாயியின் வலதுகை நுனிவிரல்களில் மஞ்சளும் மிளகாயும் இன்னும் போகாமல் ஒட்டியிருந்தன. அன்னக்கொடி தேய்த்துப் பார்த்தாள். நகக்கண்ணில் ஏறிய மசாலா போகவில்லை. போகாதவரைக்கும் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. தேய்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

வெளியே பாடை கட்டி முடித்திருந்தார்கள். அப்போதுதான் ஒச்சப்பன் வந்து சேர்ந்தான். தோளில் பெரிய சாக்குக்கட்டு. வெள்ளைத்துரை விடிகாலையிலேயே ஜீப்பு அனுப்பிச் சொல்லிவிட்டிருக்கிறான். கட்டை அவிழ்த்ததும் கொப்புக் கொப்பாகக் காப்பிப் பூ. இருபது முப்பது கொப்புகள் இருக்கும். மலையிலிருந்து இறங்கி வந்ததில் பாதிப் பூ நைந்து, ஓரம் பழுத்து, தவிட்டு நிறமாகத் தொடங்கியிருந்தது. வாசனை மட்டும் வாசல் முழுக்கப் பரவியது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. காய்ப் பிடிக்கிற கொப்பை அக்காவுக்காக ஒடித்திருக்கிறானே என்றார்கள். வெள்ளைத்துரை தானே குனிந்து ஒவ்வொரு கொப்பாக எடுத்துப் பாடையில் செருகினான். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. பொய்க் கண்ணீர் இல்லை அது. அதுதான் அன்னக்கொடிக்குத் தாங்கவில்லை.

மாயக்காள் அடுத்த அடியை எடுக்க வாயைத் திறந்தாள்.

“மதினி பூவப் பாக்கல” என்றாள் அன்னக்கொடி.

கத்தவில்லை. கடையில் உப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னாள். ஆனால் அந்த நேரம் மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுத் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வாசல் முழுக்கக் கேட்டது.

வெள்ளைத்துரை கையில் கொப்போடு நிமிர்ந்தான். “உள்ள போ” என்றான்.

“அடுப்படியிலதான் செத்தாக. சோறு வடிக்க உக்காந்த எடத்துல செத்தாக. நீங்க போட்டோவுக்கு நின்னீக. நானும் நின்னேன். பல்லக் காட்டிக்கிட்டு நின்னேன். நெஞ்சு வலிச்சப்ப அவுக கூப்பிட்டாகளோ என்னமோ. ஒருத்தருக்கும் கேக்கல.”

“அன்னக்கொடி.”

“பூவப் பாத்தாக பாத்தாகன்னு எல்லார்ட்டயும் சொல்றீகளே, எப்பப் பாத்தாக? செத்த பெறகாவது அந்தப் பக்கமாத் தூக்குங்கன்னு சொன்னேன். சுத்துன்னு சொன்னது யாரு?”

மருதாயியின் புருஷன் வீட்டுச் சனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. மாயக்காள் திறந்த வாயை மூடி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒச்சப்பன் தலையைத் தூக்கவே இல்லை. மகள் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அன்னக்கொடி கையை விடுவித்துக்கொண்டு, பாடையை நெருங்கி, தலைமாட்டில் செருகியிருந்த கொப்பை உருவித் தரையில் போட்டாள். இரண்டாவதைத் தொட்டபோது வெள்ளைத்துரை அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அழுத்திப் பிடிக்கவில்லை. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் கையை எடுத்துவிட்டான்.

நேரமாச்சு, தூக்குங்கப்பா என்று ஒரு பெரியவர் சொன்னார். மேளம் அடிக்க ஆரம்பித்தது. மிச்சக் கொப்புகள் அப்படியே இருக்க, பாடை கிளம்பியது. பெண்கள் தெருமுனைவரைக்கும் போய்த் திரும்பினார்கள். திரும்பி வரும்போது அன்னக்கொடியின் இரண்டு பக்கமும் ஒரு ஆள் இடம் விட்டே நடந்தார்கள்.

சாயங்காலம் மலைச்சாமி குடும்பம் ரயிலுக்குக் கிளம்பியது. மலைச்சாமி அன்னக்கொடியிடம் சொல்லிக்கொள்ளாமல் வண்டியில் ஏறிவிட்டான். பொன்னுமணி மட்டும் உள்ளே வந்து, எல்லாரும் இருக்கும்போது அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம், மாமா மனசு என்ன பாடுபடும் என்றாள். அன்னக்கொடி அவளுடைய ஒயர்கூடையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். சின்னக் குழந்தை கையை ஆட்டியது. அதற்கு மட்டும் கையை ஆட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காடாற்று முடிந்தது. புதன்கிழமை காலையில் மகளும் மாப்பிள்ளையும் போனார்கள். அதுவரைக்கும் சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்து சாப்பாடு வந்துகொண்டிருந்தது. புதன்கிழமை மத்தியானத்தோடு அதுவும் நின்றது.

சாயங்காலம் வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். அன்னக்கொடி வாசல்நிலைக்கு உள்பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத்துரை கட்டிலில் இருந்தான். மூன்று நாளாக இரண்டு பேரும் பேசவில்லை. அவன் தாடையில் நரைமயிர் குத்திட்டு நின்றது. தெருவில் ஏலக்காய் மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று போய்ச் சத்தம் ஓய்ந்த பிறகு அவன் பேசினான். வேண்டுமென்றா செய்தேன் என்றான். கூடப் பிறந்த அக்கா இல்லையா என்றான். அவள் திரும்பவில்லை.

“காப்பிப் பூவப் பாக்கணும்னு அக்காவுக்கு அம்புட்டு ஆச இருந்துச்சுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? இருபத்துநாலு வருசத்துல எங்கிட்ட ஒருநாக்கூடச் சொன்னதில்லையே.”

அன்னக்கொடி இப்போது திரும்பினாள்.

“சொல்லியிருந்தா?”

அவன் கட்டில் கயிற்றை ஒரு விரலால் நெருடினான். தெருவிளக்கு எரிய ஆரம்பித்தது. அப்புறம், யாரிடமோ சொல்கிறமாதிரி, கொஞ்சம் காப்பி குடித்தால் தேவலை என்றான்.

அவள் அசையவில்லை. அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்தான். அடுப்படிக்குள் போனான். தீப்பெட்டியைத் தேடி டப்பாக்களை நகர்த்தும் சத்தம் கேட்டது. ஒரு மூடி கீழே விழுந்து உருண்டு, சுற்றி, நின்றது. குச்சி உரசும் சத்தம், மறுபடியும் உரசும் சத்தம். ஊதாங்குழலில் அவன் விட்டுவிட்டு ஊதினான். ஈர விறகு போலிருக்கிறது. புகை அடுப்படி வாசலில் திரண்டு, உத்தரத்தோடு ஒட்டிக்கொண்டு முன்கட்டுக்கு வந்தது. உள்ளே அவன் இருமினான். நின்று, மறுபடி ஊதினான்.

அன்னக்கொடி எழுந்து போய், புகை வெளியேறுவதற்காக வாசல்கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தாள். திரும்பி வந்து, இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.